டவுன் ஹால் எப்படி ஹோட்டல் ஆகிறது? அறை எடுப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

லண்டனின் கிழக்கே பெத்னல் கிரீன் பகுதியில் உள்ள பழைய டவுன் ஹால், அதாவது நகர மன்றக் கட்டடம், இன்று 98 அறைகள் கொண்ட பூட்டிக் ஹோட்டல் (தனக்கென ஒரு முகம் கொண்ட சிறிய ஹோட்டல்). பளிங்குப் படிக்கட்டு, கவுன்சில் கூடிய மண்டபம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இதுபோன்ற இடங்களில் தங்க நினைப்பவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் வருவதுண்டு. சட்டம் போட்டுப் பாதுகாக்கும் ஓர் அரசுக் கட்டடம் எப்படித் தனியார் ஹோட்டல் ஆக முடியும் என்பது ஒன்று. இவ்வளவு காசு கொடுத்தும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஏன் குளிர்கிறது, ஒரே வகை என்று போட்டிருக்கும் இரண்டு அறைகள் ஏன் வேறு வேறு அளவில் இருக்கின்றன என்பது இன்னொன்று.

முதலாவது அரசியல் கேள்வி மாதிரியும் இரண்டாவது வாடிக்கையாளர் புகார் மாதிரியும் தெரியும். ஆனால் இரண்டுக்கும் விடை கட்டடத்தின் மேல் இருக்கும் சட்டப் பாதுகாப்பில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் எந்த அறையை எடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

டவுன் ஹால்கள் ஏன் காலியாயின?

பெரும்பாலான நகர மன்றக் கட்டடங்கள் பழுதாகிக் கைவிடப்பட்டவை அல்ல. நிர்வாக எல்லை மாறியதால் வேலை இழந்தவை.

லண்டனையே எடுத்துக்கொள்ளலாம். 1899இல் வந்த சட்டத்தின்படி நகரம் 28 பெருநகர பரோக்களாகப் பிரிக்கப்பட்டது. பரோ என்பது தனி மேயரும் கவுன்சிலும் கொண்ட உள்ளாட்சி அலகு. தங்கள் பரோவுக்கென ஒரு டவுன் ஹால், அதுவும் பக்கத்துப் பரோவை விடக் கொஞ்சம் கம்பீரமாக, வேண்டும் என்று ஆளாளுக்கு நினைத்தார்கள். பெத்னல் கிரீன் ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அங்கேயும் 1910இல் போர்ட்லண்ட் கல்லில் (வெளிர் நிறச் சுண்ணாம்புக்கல்) சிற்பங்களோடு ஒரு டவுன் ஹால் எழுந்தது. இடம் போதாமல் 1930களின் இறுதியில் ஆர்ட் டெக்கோ என்ற, அந்தக் காலத்தில் புதிதாக இருந்த அலங்காரப் பாணியில் ஒரு பெரிய விரிவாக்கமும் சேர்ந்தது.

1965இல் எல்லைகளை மறுபடி வரைந்தார்கள். உள் லண்டனில் 28 பரோக்கள் 12 ஆயின. பெத்னல் கிரீன், பாப்லர், ஸ்டெப்னி மூன்றும் சேர்ந்து டவர் ஹாம்லெட்ஸ் ஆனது. கவுன்சில் ஒன்று, கட்டடங்கள் மட்டும் முன்பு போலவே. பெத்னல் கிரீன் கட்டடம் 1993 வரை அலுவலகமாக ஓடியது. பிறகு கவுன்சில் மல்பெரி பிளேஸ் என்ற புது வளாகத்துக்கு, வாடகைக்கு, குடிபோனது. காலியாக நின்ற டவுன் ஹாலில் சினிமா ஷூட்டிங் நடந்தது. 2007இல் சிங்கப்பூர் ஹோட்டல் அதிபர் லோ லிக் பெங் வாங்கினார். 2010இல் ஹோட்டல் திறந்தது. (சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் டிக்சன் ரோட்டில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தை ஹோட்டலாக்கியவரும் இவர்தான். அதுவும் 2010தான்.) கதை அதோடு முடியவில்லை. 2023இல் டவர் ஹாம்லெட்ஸ் தனக்கென ஒரு புதிய டவுன் ஹாலைத் திறந்தது. எங்கே? வைட்சேப்பலில், பழைய ராயல் லண்டன் மருத்துவமனைக் கட்டடத்தில். டவுன் ஹால் ஹோட்டலாக, ஆஸ்பத்திரி டவுன் ஹாலாக ஆயிற்று.

மற்ற இடங்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். தேம்ஸ் கரையில் உள்ள கவுண்டி ஹால், 1986இல் பெருநகர லண்டன் கவுன்சிலையே கலைத்துவிட்டதால் காலியாயிற்று. இன்று அதற்குள் ஹோட்டல்கள் இருக்கின்றன. சிங்கப்பூரின் ஃபுல்லர்டன் 1928இல் திறந்த தலைமைத் தபால் நிலையம். தபால் நிலையம் இடம் மாறியதும் 1997இல் விற்கப்பட்டு 2001இல் 400 அறை ஹோட்டலாகத் திறந்தது. (400 அறை என்பது பூட்டிக் கணக்கில் வராது. பூட்டிக் என்று சொல்ல அதிகாரபூர்வ வரையறை கிடையாது. பொதுவாக நூறு அறைக்குள், தனக்கென ஒரு முகத்தோடு இருந்தால் அப்படி அழைக்கிறார்கள்.)

காலியாக விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போகவேண்டாம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் பிரெஞ்சுக் காலத்து நகர மன்றம். நெடுங்காலம் பராமரிப்பில்லாமல் கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்தில் மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். இப்போது பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் நிற்பது புதுக் கட்டடம். கூரை ஒழுகலை அன்றன்றைக்குக் கவனிக்க ஆள் இல்லாத கட்டடம் எவ்வளவு கனமான சுவரோடு இருந்தாலும் நிற்காது.

பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் தொடக்கூடாதா?

குழப்பத்தின் மூலம் இங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தில் 'பட்டியலிடப்பட்ட கட்டடம்' என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கட்டடம் என்று பொருளில்லை. அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது என்பதுதான் பொருள்.

பட்டியலில் மூன்று தரங்கள் உண்டு: கிரேடு 1, கிரேடு 2 நட்சத்திரம், கிரேடு 2. பத்தில் ஒன்பதுக்கு மேல் கடைசி வகைதான். பெத்னல் கிரீன் டவுன் ஹாலும் கிரேடு 2. பலரும் தவறாக நினைப்பது, பாதுகாப்பு வெளி முகப்புக்கு மட்டும்தான் என்று. உள்ளே இருக்கும் கதவு, படிக்கட்டு, கூரைப் பூவேலை, மரப் பலகைச் சுவர் எல்லாமே சேர்த்திதான், கடைசித் தரமாக இருந்தாலும். கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் எந்த வேலைக்கும் முன்கூட்டியே உள்ளாட்சியிடம் 'பட்டியல் கட்டட ஒப்புதல்' வாங்க வேண்டும். வாங்காமல் செய்தால் அது கிரிமினல் குற்றம். பல வருடம் ஓடிவிட்டதே என்று தப்பவும் முடியாது. செய்ததைத் திருத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பக் காலக்கெடு எதுவும் இல்லை.

ஒப்புதல் தருவதா வேண்டாமா என்று பார்க்கும்போது அதிகாரிகள் இரண்டு கருத்துகளை வைத்துக்கொள்கிறார்கள்.

1. தாக்குப்பிடிக்கக்கூடிய சிறந்த பயன்பாடு. ஒரு கட்டடத்துக்குப் பொருளாதார ரீதியில் ஓடக்கூடிய பயன்பாடுகள் பல இருந்தால், அவற்றில் கட்டடத்துக்கு மிகக் குறைந்த சேதம் செய்வது எதுவோ அதுதான் இது. அதிக லாபம் தருவதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

2. திரும்ப எடுக்கக்கூடிய மாற்றம். நாளைக்கே ஹோட்டல் மூடினால், இன்று சேர்த்ததைக் கழற்றிவிட்டுப் பழைய அறையைப் பழையபடி பெற முடியுமா? முடியும் என்றால் ஒப்புதல் கிடைப்பது எளிது.

இந்த இரண்டாவது கருத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாத்ரூம் எங்கே இருக்கிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

ஹோட்டலும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதற்கு ஃபுல்லர்டனே சாட்சி. ஹோட்டலாகிப் பல வருடம் ஓடிய பிறகு, 2015 டிசம்பரில்தான் சிங்கப்பூர் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

ஏன் ஹோட்டல்? வேறு எதுவும் ஆகாதா?

ஆகும். பாட்டர்சீ டவுன் ஹால் கலை மையமாக நடக்கிறது. ஷோர்டிட்ச் டவுன் ஹாலை ஓர் அறக்கட்டளை நிகழ்ச்சி அரங்காக நடத்துகிறது. சிங்கப்பூரின் சிட்டி ஹாலும் அதை ஒட்டிய பழைய உச்ச நீதிமன்றமும் 2015இல் தேசியக் கலைக்கூடமாகத் திறந்தன. ஆனால் கலைக்கூடம் என்றால் அரசு வருடா வருடம் பணம் போட வேண்டும். கலை மையம் என்றால் நன்கொடைக்கு அலைய வேண்டும். கட்டடம் தானே சம்பாதித்துத் தன் கூரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால், ஹோட்டல் பொருந்திப்போவதற்குக் கட்டட அமைப்பிலேயே காரணம் உண்டு.

1. பழைய அரசு அலுவலகம் என்றால் நடுவில் நீண்ட வராந்தா, இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள், ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெரிய ஜன்னல். ஹோட்டல் தளத்தின் வரைபடமும் இதேதான். சுவரை இடிக்க வேண்டிய வேலை குறைவு.

2. இன்றைய அலுவலகங்களுக்குத் தடுப்பில்லாத பரந்த தளம் வேண்டும். இங்கே சுவரை எடுக்க ஒப்புதல் கிடைக்காது. அதனால் புதிய அலுவலகமாக வாடகைக்கு விடுவது கடினம்.

3. அடுக்குமாடி வீடுகளாகப் பிரித்து விற்றால் நூறு சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். முன்மண்டபமும் பெரிய படிக்கட்டும் பூட்டிய கேட்டுக்குள் போய்விடும். ஹோட்டலில் சொந்தக்காரர் ஒருவர், தரைத்தளம் திறந்திருக்கும்.

4. கவுன்சில் கூடம் போன்ற பெரிய மண்டபங்களை வீடாகவும் ஆக்க முடியாது, கடையாகவும் ஆக்க முடியாது. ஹோட்டலில் அது கல்யாண மண்டபம் ஆகிவிடும்.

பெத்னல் கிரீனில் சின்ன அறைகளுக்கும் வேலை கிடைத்தது. மேயர் அலுவலகக் கடிதங்கள் தட்டச்சான அறையில் 2014இல் திறந்த உணவகத்தின் பெயரே 'டைப்பிங் ரூம்'. அது மூடிய பிறகு, 2019இல் வந்த 'டா டெர்ரா' சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷலின் நட்சத்திரம் இரண்டு வாங்கியது.

சுவருக்குள் என்ன நடக்கிறது?

வரைபடம் பொருந்துகிறது, சரி. குழாய் பொருந்துவதில்லை.

அலுவலகத்தில் ஒரு தளத்துக்கு இரண்டு கழிப்பறை இருந்தால் போதும். ஹோட்டலில் ஒவ்வோர் அறைக்கும் ஒன்று வேண்டும். கழிவுநீர்க் குழாய் மேலிருந்து கீழே நேராக இறங்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு தளத்திலும் துளை போட வேண்டும். அந்தத் துளை பூவேலை செய்த கூரையிலோ மரப் பலகைச் சுவரிலோ விழக் கூடாது. ஆகவே பாத்ரூம்கள் வெளிச்சுவரை விட்டு விலகி, வராந்தா பக்கமாக, ஜன்னல் இல்லாமல் வருகின்றன.

உயரமான அறைக்குள் கூரை வரை சுவர் எழுப்பினால் பூவேலை இரண்டாக வெட்டுப்படும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: பாத்ரூமையும் சமையல் மேடையையும் ஒரு பெரிய அலமாரி போலச் செய்து, பழைய சுவரையும் கூரையையும் தொடாமல் அறைக்குள் நிறுத்திவிடுவது. பெத்னல் கிரீனின் பழைய அறைகளில் கட்டடக் கலைஞர்களான ரேர் ஆர்க்கிடெக்சர் இந்த வழியில்தான் போனார்கள். பார்க்க நவீன ரசனை மாதிரித் தெரியும். உண்மையில் அது 'திரும்ப எடுக்கக்கூடிய மாற்றம்' என்ற விதி மரத்தில் செய்யப்பட்ட வடிவம். கழற்றி எடுத்தால் மேயர் காலத்து அறை அப்படியே நிற்கும். தலைக்கு மேல் முழுச் சுவர் இல்லாத பாத்ரூமுக்குள் சத்தம் அடங்காது என்பது அதன் விலை.

ஜன்னல் அடுத்த தலைவலி. பழைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னலை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போட ஒப்புதல் கிடைப்பது அரிது. பழைய ஜன்னலுக்கு உள்பக்கமாக இன்னொரு சட்டம் போட்டுக்கொள்ள அனுமதிப்பார்கள். தெருச் சத்தத்துக்கு அது நல்ல மருந்து. குளிருக்குப் பாதி மருந்து. பொய்க்கூரை போட்டு ஏசிக் குழாய்களை மறைக்கவும் முடியாது என்பதால், குளிரூட்டும் கருவியை ஏதாவது மேசைக்குள் ஒளித்து வைப்பார்கள், அல்லது இருக்கவே இருக்காது.

தீயணைப்பு விஷயத்தில் விட்டுக்கொடுப்பே கிடையாது. அலுவலகத்தில் எல்லோரும் விழித்திருப்பார்கள், ஹோட்டலில் தூங்குவார்கள். அதனால் பயன்பாடு மாறும்போது தீப் பாதுகாப்புக் கணக்கு அடியோடு மாறுகிறது. திறந்த பெரிய படிக்கட்டு புகையை மேலே இழுத்துச் செல்லும். அதை அடைத்தால் கட்டடத்தின் அழகே போச்சு. எனவே புகை உணர்விகள், அலாரச் சத்தம் கேட்டதும் காந்தப் பிடி விட்டுத் தானாக மூடும் கதவுகள், சூட்டில் உப்பிப் பழைய கதவின் மெல்லிய பலகைகளைக் காக்கும் பூச்சு என்று சுற்றி வளைத்துப் பாதுகாப்பு செய்கிறார்கள். அறைக் கதவு தோளால் தள்ளும் அளவுக்குக் கனமாக இருப்பது இதனால்தான்.

இத்தனை செலவையும் பழைய அறைகளின் வாடகை மட்டும் ஈடுகட்டாது. அதனால் பெரும்பாலும் ஒரு புதிய பகுதியும் சேரும். பெத்னல் கிரீனில் மேல்தளத்தையும் பின்பக்கச் சேர்க்கையையும் லேசரால் வெட்டிய அலுமினியத் தகடு ஒரு திரை போலச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கல் மாதிரி நடிக்காமல் 'நான் புதுசு' என்று சொல்கிற கட்டடம் அது. பாதுகாப்பு அதிகாரிகளும் பொதுவாகப் போலியை விட இதையே விரும்புகிறார்கள். பாஸ்டனில் இது உச்சத்துக்குப் போயிருக்கிறது. 1851இல் கட்டிய சார்லஸ் தெருச் சிறை 2007இல் லிபர்ட்டி ஹோட்டல் ஆனது. ஆனால் அதன் அறைகளில் பெரும்பாலானவை பக்கத்தில் எழுப்பிய 16 மாடிக் கட்டடத்தில் இருக்கின்றன.

அறை எடுக்கும்போது கேட்க வேண்டியவை

1. அறை பழைய பகுதியிலா, புதிய பகுதியிலா? விளம்பரப் படத்தில் வருவது பழைய அறை. குறைந்த விலை அறைகள் பல நேரம் புதிய பகுதியில் இருக்கும். கடைசியாகச் சொன்ன பாஸ்டன் மாதிரி இடங்களில் இதைக் கேட்காமல் போனால், எந்த ஊரிலும் கிடைக்கும் அறையில்தான் தூங்குவீர்கள். நல்ல தூக்கமும் சீரான சூடும் முக்கியம் என்றால் புதிய பகுதியே மேல் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2. ஜன்னல் எதைப் பார்க்கிறது? பெரிய அரசுக் கட்டடங்களில் நடுவே முற்றம் இருக்கும், இப்போது மேலே மூடியிருப்பார்கள். ஃபுல்லர்டனில் சில அறைகளின் ஜன்னல் ஆற்றையோ கடலையோ பார்க்காமல் உள்முற்றத்தைப் பார்க்கும். வெளிச்சம் குறைவு, தெருச் சத்தம் இல்லை.

3. சதுர அடி எவ்வளவு? வகைப் பெயரை நம்பவேண்டாம். குமாஸ்தா அறையும் குழுக் கூட்ட அறையும் ஒரே அளவில் கட்டப்பட்டவை அல்ல. சுவரை நகர்த்தவும் முடியாது. அதனால் ஒரே வகைக்குள்ளேயே அளவு மாறும். போன் செய்து குறிப்பிட்ட அறை எண்ணைக் கேட்கலாம், தப்பில்லை.

4. படி ஏறாமல் அறைக்குப் போக முடியுமா? லிஃப்ட் இருக்கிறது என்றாலும் பழைய பகுதியும் புதிய பகுதியும் சேரும் இடத்தில் நாலைந்து படிகள் இருக்கக்கூடும். முட்டி வலி உள்ள அம்மா அப்பாவோடு போகிறவர்கள் இதை எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

5. அன்று மண்டபத்தில் கல்யாணம் உண்டா? சனிக்கிழமை இரவு என்றால் பெரும்பாலும் உண்டு. கல் தரையும் உயரமான கூரையும் பாட்டுச் சத்தத்தை வராந்தா முழுக்க எடுத்துப் போகும்.

மக்கள் சொத்துக்கு என்ன ஆகிறது?

இங்கிலாந்தில் 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி, கவுன்சில் தன் நிலத்தை விற்கும்போது பொதுவாகக் கிடைக்கக்கூடிய நல்ல விலைக்குத்தான் விற்க வேண்டும். ஊர்க்காரர்கள் பாசம் வைத்திருக்கிறார்கள் என்பதற்காகச் சல்லிசாகக் கொடுத்துவிட முடியாது. 2011இல் வந்த இன்னொரு சட்டம் ஒரு சின்னப் பிடிமானம் கொடுத்தது: ஒரு கட்டடத்தை 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பதிந்துவிட்டால், விற்பனைக்கு வரும்போது ஊர்க்குழு பணம் திரட்ட ஆறு மாதம் கேட்கலாம். பெத்னல் கிரீன் அதற்கு நாலு வருடம் முன்பே கைமாறிவிட்டது.

விற்பதும் குத்தகைக்கு விடுவதும் ஒன்றல்ல. லண்டன் வைட்ஹாலில் உள்ள பழைய போர்த்துறை அலுவலகம் 2014இல் ஹிந்துஜா குழுமத்துக்குப் போனபோது 'இந்தியர்கள் வாங்கிவிட்டார்கள்' என்று செய்தி பரவியது. உண்மையில் அது 250 வருடக் குத்தகை. ஹோட்டல் 2023இல் திறந்தது. 250 வருடம் என்பது நம் கொள்ளுப் பேரனுக்கும் தாண்டிய காலம் என்று சிரிக்கலாம். ஆனாலும் குத்தகைப் பத்திரத்தில் நிபந்தனை எழுதலாம், மீறினால் கேட்கலாம். முழுக்க விற்ற பிறகு கையில் இருப்பது பட்டியல் சட்டம் மட்டும். அது கல்லையும் மரத்தையும் காக்கும். யார் உள்ளே வரலாம் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இந்தியாவில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழவில்லை. மத்திய சுற்றுலாத் துறையின் பாரம்பரிய ஹோட்டல் வகைப்பாடு 1950க்கு முன் கட்டிய கோட்டை, அரண்மனை, ஹவேலி (வட இந்தியப் பழைய மாளிகை வீடு), வேட்டை மாளிகை, குடியிருப்பு ஆகியவற்றை மனதில் வைத்து எழுதப்பட்டது. அவற்றில் பல முன்னாள் அரச குடும்பங்களின் வசம் இருந்தவை. நகர மன்றம், கலெக்டர் அலுவலகம், கோர்ட்டு வேறு வகை. சென்னை ரிப்பன் மாளிகையில் 1913 முதல் மாநகராட்சி இயங்கிக்கொண்டிருப்பதால் அங்கே இப்போதைக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் ஊருக்கு வெளியே புதிய வளாகம் கட்டி அலுவலகம் மாறும்போது நடு ஊரில் பழைய கட்டடம் மிஞ்சும். அதை ஹோட்டலுக்குக் கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தால், கையெழுத்துக்கு முன்னால் கேட்டு வாங்க வேண்டியவை என்று நான் நினைப்பது மூன்று.

1. விற்பனையா குத்தகையா, குத்தகை என்றால் எத்தனை வருடம், கட்டடம் பழுதானால் யார் பொறுப்பு என்பது எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும்.

2. எந்த அறை, எந்தப் படிக்கட்டு, எந்தக் கதவு மாறக்கூடாது என்ற பட்டியல் டெண்டரோடு சேர்ந்தே வர வேண்டும். பிறகு வந்தால் முதலில் போவது மரவேலைதான்.

3. முன்மண்டபமும் பெரிய கூடமும் வருடத்தில் எத்தனை நாள், கட்டணம் இல்லாமல், அறை எடுக்காதவர்களுக்கும் திறந்திருக்கும் என்று எண்ணிக்கையோடு எழுதப்பட வேண்டும். 'பொதுமக்கள் வரவேற்கப்படுவார்கள்' என்ற வரியை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் காவலாளியிடம் எதுவும் பேச முடியாது.